அரசாங்கத்தின் குரலும் தனியார் குரலும்: புளியந்தீவிலிருந்து ஒரு நோக்கு

ஒரு தேசத்தில் அரசாங்கத்தின் கையிலுள்ள பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும், தனியார் கையிலுள்ள அவையும் அருகருகே நின்று எவ்வாறு தொழில் புரிகின்றன என்ற வினாவை ஆராயப் புகுவோர், பெரும்பாலும் இவ்விரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு சாராரை அதிகாரத்தின் வாயென்றும் மறு சாராரைச் சுதந்திரத்தின் வாயென்றும் பெயரிட்டு, அல்லது முன்னவரைப் பொதுநலத்தின் காவலரென்றும் பின்னவரை இலாபத்தின் ஊழியரென்றும் வகுத்து, தத்தம் சார்புக்கேற்பத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவி நாற்புறமும் சூழ்ந்த புளியந்தீவில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை நோக்கும்போது இந்தப் பாகுபாடு போதுமானதாகத் தோன்றவில்லை. இங்கே வந்து சேரும் அரசாங்கப் பத்திரிகையும் கொழும்பில் அச்சாவது. தனியார் பத்திரிகையும் பெரும்பாலும் அங்கேயே அச்சாவது. அரசாங்க வானொலிக்கு அலைவரிசை கொடுப்பதும், தனியார் வானொலிக்கு அநுமதிப்பத்திரம் வழங்குவதும் ஒரே அரசாங்கத்தின் கைதான். படுவான்கரையில் வயல் செய்பவனும், எழுவான்கரையில் வலை வீசுபவனும், நகரத்தில் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைபவனும் இவ்விரு குரல்களையும் கேட்கின்றார்களேயன்றி, அவற்றுள் எதனிடத்தும் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றவர்களாக இல்லை. ஆகவே, இவ்விரு வகை ஸ்தாபனங்களின் சகவாழ்வை, உரிமையாளரின் ஸ்தானத்திலிருந்தன்றிக் கேட்போரின் ஸ்தானத்திலிருந்து அளந்து பார்க்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரித்திரத்தின் ஆரம்பத்தைச் சுருக்கமாகவே கூறலாம். ஆங்கிலேய அரசாங்கம் 1802இல் தன் வர்த்தமானியை வெளியிடத் தொடங்கியது. அது அறிவித்தற் பத்திரம், அபிப்பிராயப் பத்திரமன்று. 1832இல் அதே அரசாங்கத்தின் அச்சுக்கூடத்திலிருந்து ‘கொழும்பு ஜர்னல்’ என்னும் செய்திப் பத்திரிகை வெளிவந்து, இரண்டு வருஷங்களுக்குள் நிறுத்தப்பட்டது. 1834இல் கொழும்பு வர்த்தகர்கள் ‘ஒப்சேர்வர்’ பத்திரிகையைத் தொடங்க, அது சிறிது காலத்திற்குள் அரசாங்கத்தைக் கண்டிக்கும் பத்திரிகையாயிற்று. தமிழில் 1841இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமார் வெளியிட்ட ‘உதயதாரகை’, அரசாங்கத்தையும் வர்த்தகரையும் சாராத மூன்றாவதொரு வகையினது. சமய ஸ்தாபனமொன்றின் பணத்தால் நடந்தது. மட்டக்களப்பிலோ, 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் புளியந்தீவில் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் வைத்து ஒரு நூற்றாண்டுக்குமேல் கல்வி வளர்ந்தபோதிலும், நிலைத்து நின்ற தினசரிப் பத்திரிகையொன்று இம்மண்ணில் வேரூன்றவில்லை. இவ்வூரார் எழுதினார்கள், பிறவூரார் அச்சிட்டார்கள் என்பதே இப்பகுதியின் பத்திரிகைச் சரித்திரமாக நெடுங்காலம் இருந்துவந்தது.

சுதந்திரத்திற்கு முற்பட்ட காலத்திலே தமிழ்த் தினசரிகள் இரண்டு, இரண்டு வருஷ இடைவெளியில், தனியார் முயற்சியாகவே எழுந்தன. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்டில் ‘வீரகேசரி’யைத் தொடங்கினார், டீ. ஆர். விஜேவர்தனாவின் லேக்ஹவுஸ் ஸ்தாபனம் 1932 மார்ச்சில் ‘தினகர’னைத் தொடங்கியது. முன்னையது தமிழ்நாட்டிலிருந்து வந்த வர்த்தகர் ஒருவருடையது. பின்னையது சிங்களக் கனவான் ஒருவருடையது. ஆயினும், 1950களின் இறுதியில் க. கைலாசபதி ஆசிரியபீடத்தில் அமர்ந்திருந்த காலத்தில், ஈழத்து எழுத்தென்று தனியாகச் சுட்டத்தக்க ஓர் இலக்கியத்திற்கு அத்‘தினகரன்’ களம் அமைத்துக் கொடுத்தது என்பதை இலக்கிய மாணாக்கர் யாவரும் அறிவர். உரிமையாளரின் இனமோ வர்க்கமோ மட்டும் ஒரு பத்திரிகையின் குணத்தை நிர்ணயித்துவிடுவதில்லை என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த லேக்ஹவுஸ் ஸ்தாபனந்தான் 1973இல் விசேஷ சட்டமொன்றினால் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்தது. அச்சட்டத்தின் வாசகத்தை நோக்கின், அதன் நோக்கம் தேசியமயமாக்கலன்று. ஒரு குடும்பத்தின் கையில் குவிந்திருந்த பங்குகளைப் பலர் கைக்குப் பரவச் செய்வதென்பதே. பங்குகளில் நான்கில் மூன்று கூறு பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலப்போக்கில் அவை பொதுமக்களுக்குப் பகிரப்படுமென்று சொல்லப்பட்டது. அன்று தொட்டு ஆட்சிக்கு வந்த கட்சிகள் யாவும், எதிர்க்கட்சியாக இருக்கும்போது அந்தப் பங்கீட்டை வற்புறுத்துவதும், ஆளுங்கட்சியானவுடன் தமக்கு வேண்டியவரை அதன் தலைவராக நியமிப்பதுமாகவே அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. இதில் நான் கவலையோடு குறிப்பிட விரும்புவது யாதெனில், பத்திரிகையின் முகப்பெழுத்தும் விலையும் விநியோகமும் மாறாதிருக்க, வாசகனுக்கும் பத்திரிகைக்குமிடையே இருந்த உறவுமட்டும் மாறிப்போயிற்று என்பதாகும். புளியந்தீவுக் கடையில் நேற்றுவரை தனியார் பத்திரிகையாக வாங்கிய அதே ‘தினகர’னை, மறுநாள் அரசாங்கப் பத்திரிகையாக அவன் வாங்கினான், அவனிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

தனியாராகவே இருந்தவர்களுக்கு அக்காலம் எத்தகைய பாதுகாப்பைக் கொடுத்ததென்பதை அடுத்த வருஷமே காட்டியது. 1974இல் அவசரகால விதிகளின்கீழ் ‘தவச’ பத்திரிகைக் குழுமத்தின் அச்சகம் முத்திரையிடப்பட்டபோது, சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளுடன் எஸ். டி. சிவநாயகத்தின் ஆசிரியத்துவத்தில் வெளிவந்த ‘தினபதி’யும் ‘சிந்தாமணி’யும் நின்றுபோயின. 1977இலேதான் அக்கதவுகள் மறுபடி திறக்கப்பட்டன. ஒரு ஸ்தாபனத்தைச் சட்டத்தால் தன்னுடையதாக்கிக்கொள்ளவும், மற்றொரு ஸ்தாபனத்தை விதியொன்றினால் பூட்டிவிடவும் ஒரே அரசாங்கத்தால் ஒரு வருஷ இடைவெளியில் முடிந்ததென்றால், அரசாங்கம், தனியார் என்ற எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியதென்பது விளங்கும்.

வானொலியின் கதை இதனினும் வேறுபட்டது. என் உள்ளத்திற்கு மிக நெருங்கியதும் அதுவே. 1925 டிசம்பரில் தந்தித் திணைக்களத்தின் முயற்சியால் கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் இத்தீவில் நிறுவிய வலிமை மிக்க ஒலிபரப்பு நிலையம் யுத்தத்தின்பின் இலங்கை அரசாங்கத்திடம் வந்து, 1949இல் இலங்கை வானொலி ஒரு தனித் திணைக்களமாயிற்று. 1950இல் அதனுடன் வர்த்தக சேவையொன்று சேர்க்கப்பட்டது. இந்த வர்த்தக சேவைதான் நம் விஷயத்திற்கு முக்கியமானது. ஏனெனில், அரசாங்கமே உரிமையாளராக இருந்துகொண்டு, விளம்பரத்தால் பணமீட்டி, கேட்போர் விருப்பத்தையே அளவுகோலாகக் கொண்டு நடத்திய ஒரு சேவை அது. இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு மந்திரியாயிருந்த கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டுக் கேட்போர் கடல் கடந்து வந்த கொழும்பின் அலையைத் தேடிப் பிடித்தனர். 1957இல் விவித பாரதியை இந்திய அரசாங்கம் தொடங்க நேர்ந்தமைக்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். ஒரு நாட்டின் அரசாங்க வானொலி, பக்கத்து நாட்டின் அரசாங்க வானொலிக்குத் தனியார் போட்டியாளனைப்போல விளங்கிற்று என்பது, உரிமையின் பெயரைவிட நடத்தையின் தன்மையே முக்கியமென்பதைத் தெளிவாக்குகின்றது.

எஸ். பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலான அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் இப்பிரதேசத்தில் இன்றும் இருக்கின்றனர். சானா என்று அறியப்பட்ட சண்முகநாதனின் நாடகப் பகுதியும், இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர்களும் ஈழத்துப் பேச்சுத் தமிழுக்கு ஒரு மேடை அமைத்தன. எங்கள் வாவியின் பாடும் மீன்களின் ஓசையை, புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த யேசு சபைப் பாதிரியார் லாங் அவர்கள் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்ய, அதை இலங்கை வானொலி ஒலிபரப்பியது. கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் தோணியில் செல்வோர் மட்டும் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்ட ஓசை, அதனால் நாடு முழுவதும் கேட்டது. பொது ஒலிபரப்பு என்பதன் உண்மையான பொருள் இதுவென்றே நான் கருதுகின்றேன். இலாபம் தராத ஓர் ஓசைக்கு, ஒரு மூலையிலுள்ள ஜனங்களின் பெருமைக்கு, முழுத் தேசத்தின் அலைவரிசையிலும் சில நிமிஷங்கள் ஒதுக்கப்பட்டன. இத்தகைய சந்தர்ப்பங்கள் பிற்காலத்தில் அருகிவிட்டன என்பதை வருத்தத்துடன் சொல்லவேண்டும்.

1966ஆம் வருஷத்துச் சட்டத்தினால் திணைக்களமாயிருந்த வானொலி, 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாயிற்று. கூட்டுத்தாபனமானால் அமைச்சரின் நேரடி ஆதிக்கம் நீங்குமென்பது அக்காலத்து நம்பிக்கை. ஆனால் அதன் பணிப்பாளர்களை நியமிப்பதும் நீக்குவதும் அமைச்சரிடமே இருந்தமையால், பெயர் மாறியதேயன்றி நாடி மாறவில்லை.

தொலைக்காட்சியோ, தனியார் முயற்சியாகத் தோன்றி அரசாங்க உடைமையாக மாறிய விசித்திர சரித்திரமுடையது. 1979 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை என்ற பெயரில் தனியார் சிலர் கொழும்பில் ஒளிபரப்பைத் தொடங்கினர். ஜூன் மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் அதைத் தன்வசப்படுத்திக்கொண்டது. பெயரில் சுயாதீனம் இன்றும் இருக்கின்றது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் எழுந்தது. இவ்விரண்டுமே பல வருஷங்கள் தொலைக்காட்சியென்றால் இவைதாமென்ற நிலையில் இருந்தன. அவற்றில் தமிழுக்குக் கிடைத்த நேரமோ, இந்நாட்டுத் தமிழ் பேசும் ஜனங்களின் தொகைக்கு ஒருபோதும் ஈடானதன்று.

1990களின் முற்பகுதியில் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. 1998இல் மகாராஜா நிறுவனத்தின் ‘சக்தி’ வானொலியும் தொலைக்காட்சியும், ஏசியா ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘சூரியன்’ வானொலியும் தமிழில் முழுநேரச் சேவைகளாக வந்தபோது, மட்டக்களப்பு வீடுகளில் நேர்ந்த மாறுதலை அக்காலத்தவர் மறந்திரார். அதுவரை அரசாங்க வானொலியின் செய்தியறிக்கை ஒரு விசாரணை மன்றத்தின் தீர்ப்பைப்போல மேலிருந்து வாசிக்கப்பட்டது. இப்போது தொலைபேசியில் அழைத்தவரின் பெயரும் ஊரும் குரலும் வானொலியில் வந்தன. நேயர் பேசினார். அந்தப் பேச்சு பெரும்பாலும் பாடல் கேட்பதற்காகவும் வாழ்த்துச் சொல்வதற்காகவும் இருந்ததென்பது உண்மையாயினும், கேட்பவனும் பேசத்தக்கவனே என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் பரப்பிய பெருமை தனியார் வானொலிக்கே உரியது. அதற்கு விலையாகக் கொடுத்தவையும் உண்டு. தமிழ்நாட்டுச் சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் பொழுதை நிரப்பின. ஈழத்து நாடகமும் கிராமியக் கலையும் ஒதுங்கின. வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் களரியில் விடியவிடிய ஆடப்பெறும் ஒரு நாட்டில், அக்கூத்திற்கு விளம்பரதாரர் எவர் வருவார்? 2009இல் சுயாதீனத் தொலைக்காட்சி ‘வசந்தம்’ என்ற தமிழ் அலைவரிசையைத் தொடங்கியதும், தனியாரின் இந்த வழியைத் திருத்துவதற்காகவன்றி அதனோடு போட்டியிடுவதற்காகவே என்பது அதன் நிகழ்ச்சிகளைக் கவனித்தோருக்குத் தெரியும். இவ்வாறு அரசாங்கம் தனியாரைப் பின்பற்றத் தொடங்கியபோது, அரசாங்க ஊடகம் எதற்காக இருக்கவேண்டுமென்ற வினாவுக்கு விடை கூறுவார் இல்லாமற்போயினர்.

இனி, இச்சகவாழ்வின் சட்ட அடிப்படையை நோக்குவோம். விஷயத்தின் மையம் இங்கேதான் உள்ளது. இந்நாட்டில் தனியார் வானொலிக்கு அநுமதி வழங்கும் அதிகாரம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவிலும், தனியார் தொலைக்காட்சிக்கு அநுமதி வழங்கும் அதிகாரம் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவிலும் அமைச்சருக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. அதாவது, அரசாங்க ஸ்தாபனத்தை உண்டாக்கிய சட்டத்தின் ஒரு மூலையிலிருந்தே அதன் போட்டியாளனும் பிறக்கின்றான். ஒரே வளவுக்காரனின் இரு வீடுகளில் குடியிருக்கும் இருவரைப்போல, இவ்விரு சாராரும் தம்முள் எவ்வளவு பிணங்கினாலும், வாடகை வசூலிப்பவன் ஒருவனே. வெளியேறு என்று சொல்லக்கூடியவனும் அவனே. எத்தகைய தகைமையுடையோருக்கு அநுமதி வழங்கப்படும், எக்காரணத்தால் மறுக்கப்படும், எவ்வாறு இரத்துச் செய்யப்படும் என்பவற்றைத் தெளிவாக விதிக்கும் சுதந்திரமான ஆணைக்குழுவொன்று இல்லாத நிலையில், அநுமதி ஓர் உரிமையாகாமல் சலுகையாகவே நிற்கின்றது. 2007 அக்டோபரில், சரியற்ற யுத்தச் செய்தியொன்றை ஒலிபரப்பியதாகக் கூறி, ‘சூரியன்’ உட்பட ஏசியா ஒலிபரப்பு நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அநுமதியும் ஒருசேர இரத்துச் செய்யப்பட்டது இதற்குச் சான்று. பிழையான செய்திக்குத் தண்டனை வேண்டுமென்று வாதிப்போரும், அத்தண்டனையை விதிப்பவர் அச்செய்தியால் பாதிக்கப்பட்ட கட்சிக்காரராக இருக்கலாகாதென்பதை ஒப்புக்கொள்வர்.

இந்தக் குறையை இந்நாட்டு உயர் நீதிமன்றம் அறியாததன்று. 1997இல் அரசாங்கம் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலமொன்றைக் கொணர்ந்தபோது, அதை எதிர்த்துப் பல மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. அரசாங்கக் கூட்டுத்தாபனங்களுக்கு ஒரு நீதியும் தனியாருக்கு மற்றொரு நீதியும் வகுத்ததோடு, அதிகாரசபையையே அமைச்சரின் நிழலில் வைத்த அச்சட்டமூலம், அரசியலமைப்பு உறுதிசெய்யும் சமத்துவத்திற்கும் பேச்சுச் சுதந்திரத்திற்கும் முரணானதென்று நீதிமன்றம் தீர்மானித்தது. அலைவரிசை அளவுக்குட்பட்ட பொதுச் சொத்து. அதை ஒழுங்குபடுத்துதல் வேண்டும். ஆனால் ஒழுங்குபடுத்துவோர் அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானவராயிருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்மானத்தின் சாரம். இரண்டு வருஷங்களுக்கு முன், 1995இல், இந்திய உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்புப்பற்றிய வழக்கில் கூறிய கோட்பாடும் இதுவே. இந்தியாவில் அத்தீர்ப்புக்குப்பின், 1990இலேயே இயற்றப்பட்டு உறங்கிக்கிடந்த பிரசார பாரதிச் சட்டம் 1997இல் அமுலுக்கு வந்தது. எனினும் அதன்வழி அமைந்த ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் சுதந்திரம் முழுமையானதென்று அந்நாட்டாரே கூறமாட்டார். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமோ, அரசாங்கம் ஒலிபரப்பைத் தன் கைக்குள் வைக்கலாகாதென்று 1961இலும், பொது ஒலிபரப்பு நிலையங்கள் சகல ஜனங்களுக்கும் வேண்டிய அடிப்படைச் சேவையை நிறைவாகச் செய்துவரும்வரையில் தனியாருக்குக் கடுமை குறைந்த நிபந்தனைகளை விதிக்கலாமென்று 1986இலும் கூறியது. இவ்விரண்டாம் தீர்ப்பில் ஓர் ஆழமான நியாயம் உள்ளது. தனியாரின் சுதந்திரம் பொது ஒலிபரப்பின் தரத்தில் தங்கியிருக்கின்றது. ஒன்று கெட்டால் மற்றொன்றை அநுமதித்ததற்கான நியாயமும் கெடுகின்றது.

ஆயினும், எனக்கு இவை யாவற்றிலும் மேலானதாகத் தோன்றுவது 1996ஆம் வருஷத்து வழக்கொன்றேயாகும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றை நடத்திவந்து, நேயர்கள் தொலைபேசி மூலம் பங்குகொண்டு விஷயங்களை விவாதித்துவந்த வேளையில், அதைத் திடீரென நிறுத்திவிட்டது. அதில் பங்குகொண்டுவந்த நேயரொருவர் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார். நிகழ்ச்சியை நிறுத்தியமை, அதில் பங்குகொண்ட நேயரின் பேச்சுச் சுதந்திரத்தை மீறியதாகும் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். பத்திரிகை முதலாளியின் உரிமை, அமைச்சரின் அதிகாரம், பத்திரிகையாளனின் சுதந்திரம் என்பனபற்றியே பேசிப் பழகிய ஒரு நாட்டில், வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருப்பவனும் உரிமையுடையவனென்று ஒரு நீதிமன்றம் சொன்னது. அத்தீர்ப்பு அரசாங்க வானொலியைப் பற்றியது. தனியார் வானொலிக்கு எதிராக அவ்விதம் வழக்காடும் வழி நேயனுக்கு இல்லை. அடிப்படை உரிமை மனு அரசாங்கத்தின் செயலுக்கெதிராகவே கிடக்கும். இந்த வேறுபாட்டை அரசாங்க ஊடகத்திற்குச் சார்பான வாதமாக எடுத்துக்கொள்ளலாம்: அது எவ்வளவு கெட்டாலும், பிரஜை அதைச் சட்டத்தின்முன் நிறுத்தலாம். அரசாங்க ஊடகங்களை விற்றுவிடுக என்று கூறுவோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

அரசாங்கமும் தனியாரும் என்ற இரண்டே சக்திகளைப்பற்றிப் பேசுவது, ஏறத்தாழ முப்பதாண்டு நீடித்த யுத்தகாலத்தைப் பொறுத்தவரையில், எங்கள் பிரதேசத்திற்கு முற்றிலும் பொருந்தாது. துப்பாக்கி ஏந்தியோரும் பத்திரிகையின் விதியைத் தீர்மானித்தனர். யாழ்ப்பாணத்தில் 1981இல் ‘ஈழநாடு’ காரியாலயம் பொதுநூலகத்தோடு எரிக்கப்பட்டது; 2006இல் ‘உதயன்’ காரியாலயத்துக்குள் புகுந்து ஊழியரைக் கொன்றனர். மட்டக்களப்பிலே 2006இல் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளின் கட்டுகள் விநியோகத்திற்கு முன்பே ஆயுததாரிகளால் எரிக்கப்பட்டன. ‘வீரகேசரி’க்கும் ‘சக்தி’க்கும் செய்தியனுப்பிவந்த ஐயாத்துரை நடேசன், 2004 மே 31ஆம் தேதி காலையில், மட்டக்களப்பு நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இம்மண்ணில் பிறந்து, ‘தராக்கி’ என்ற பெயரில் கொழும்பின் தனியார் ஆங்கிலப் பத்திரிகைகளில் யுத்த அரசியலை ஆராய்ந்தெழுதிய தர்மரத்தினம் சிவராம், 2005 ஏப்ரல் 28ஆம் தேதி இரவு கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஆகஸ்டில், அரசாங்க வானொலியிலும் ரூபவாஹினியிலும் தமிழ் அறிவிப்பாளராகப் பணியாற்றிய ரேலங்கி செல்வராஜா, கணவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் வேறு வேறாயிருக்கலாம். ஆனால் தனியார் ஊடகத்தில் எழுதியவருக்கும் அரசாங்க ஊடகத்தில் பேசியவருக்கும் அக்காலம் ஒரே முடிவையே வைத்திருந்தது. நடேசனையும் சிவராமையும் இந்நகரத்துப் பத்திரிகையாளர் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர், நீதி கிடைக்கவில்லை.

பிராந்திய நிருபர் என்ற பதவியின் நிலையையும் இவ்விடத்தில் கூறவேண்டும். கொழும்புக் காரியாலயத்திற்குச் செய்தி அனுப்பும் இவர்களுள் அநேகர், நிரந்தர உத்தியோகமோ மாதச் சம்பளமோ இன்றி, பிரசுரமான செய்திக்கு மட்டும் சன்மானம் பெற்று உழைப்பவர்கள். அவர்களுடைய மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் வார்ப்பதும், பொலிசாரிடமும் படையினரிடமும் விளக்கம் சொல்வதும் அவர்களுடைய சொந்தப் பொறுப்பு. இவ்விஷயத்தில் அரசாங்க ஸ்தாபனத்தையும் தனியார் ஸ்தாபனத்தையும் பிரித்துக்காட்டக்கூடிய பெரிய வேற்றுமை எதுவும் இல்லை. ஒரே மனிதர் பல ஸ்தாபனங்களுக்கு எழுதிக் குடும்பம் காப்பதும் இங்கே வழக்கம். எனவே, படுவான்கரையில் யானை மிதித்து இறந்தவனைப்பற்றிய செய்தி, அரசாங்கப் பத்திரிகையிலும் தனியார் பத்திரிகையிலும் ஒரே சொற்களில் வருவதைக் காணலாம். வெளியிலிருந்து நோக்குவோர் பன்மைத்துவம் என்று கருதுவது, இங்கே சிற்சமயம் ஒரே பேனாவின் எழுத்தாயிருக்கின்றது.

அரசாங்க ஊடகம் உண்மையில் எவருக்குரியது என்பதைக் கொழும்பின் அரசியல் நெருக்கடிகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. 2003 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா, பிரதமரின் கட்சியிடமிருந்து மூன்று அமைச்சுகளைத் தம்வசப்படுத்தியபோது, பாதுகாப்பு, உள்துறை என்பவற்றோடு மூன்றாவதாக இருந்தது வெகுசனத் தொடர்பு. 2018 அக்டோபர் 26ஆம் தேதி இரவு பிரதமர் மாற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள், ரூபவாஹினியும் லேக்ஹவுஸும் புதிய தரப்பின் ஆதரவாளர் கைக்குச் சென்றன. 2022 ஜூலையில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோதும் அவர்கள் ரூபவாஹினிக்குள் நுழைந்தனர். ஆட்சியைப் பிடிப்போர் முதலிற் பிடிக்கும் ஸ்தாபனமாக ஓர் ஊடகம் இருக்குமாயின், அது மக்களின் உடைமையெனக் கருதப்படவில்லை என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டுமா? தேர்தற் காலத்திற்கென 2001ஆம் வருஷத்துப் பதினேழாவது திருத்தம், ஊடகங்களுக்கு வழிகாட்டல் விதிகளை வழங்கவும், அரசாங்க ஒலி, ஒளிபரப்புக் கூட்டுத்தாபனங்கள் அவற்றை மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரியொருவரை நியமிக்கவும் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்தது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் தேர்தலுக்கு முந்திய சில வாரங்களுக்கு மட்டும் நடுநிலைமையை விதித்து, எஞ்சிய வருஷங்களை ஆளுங்கட்சிக்கு விட்டுவிடும் சட்டத்தால் அதிகம் பயனில்லை.

தனியார் ஊடகங்களின் உரிமையும் இதற்கு நிகரான பரிசோதனைக்கு உட்படவேண்டும். சில வர்த்தகக் குடும்பங்களின் கையிலேயே பெரும் பகுதி குவிந்திருப்பதும், அவற்றுட் சில அரசியலோடு நேரடித் தொடர்புடையனவாயிருப்பதும் மறைவான விஷயங்களல்ல. விளம்பரமே அவற்றின் வருவாய். அவ்விளம்பரத்தில் அரசாங்க வங்கிகளும் திணைக்களங்களும் கூட்டுத்தாபனங்களும் கொடுப்பது சிறு பகுதியன்று. ஆகவே, அமைச்சரின் அநுமதிப்பத்திரத்திற்கு அஞ்சாத முதலாளியும் அரசாங்க விளம்பரம் நின்றுவிடுமோ என்று அஞ்ச நேர்கின்றது. லேக்ஹவுஸைக் கைப்பற்றிய 1973ஆம் வருஷத்துச் சிந்தனையில் ஓர் உண்மை இருந்தது: ஊடக உரிமை சிலர் கையில் குவிதல் ஜனநாயகத்திற்கு ஆகாது. அக்குவியலை உடைப்பதற்குப் பதிலாக, கட்சியின் கைக்கு மாற்றியதே பிழை.

எங்கள் பிரதேசத்திற்கு வேண்டியது யாதென்பதைச் சில உதாரணங்களால் விளக்கலாம். 1978 நவம்பரில் சூறாவளி இந்நகரத்தைப் பிளந்தது. 2004 டிசம்பரில் கடற்கோள் நாவலடியையும் கல்லடியையும் அழித்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் படுவான்கரைக் கிராமங்களைத் துண்டித்தது. அத்தகைய வேளைகளில் ஜனங்களுக்கு வேண்டியிருப்பது, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு எப்போது திறக்கப்படும், எந்தத் தெருவில் நீர் நிற்கின்றது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கலாம், எந்தத் துறையில் தோணி ஓடுகின்றது என்னும் விவரங்களே. கொழும்பிலிருந்து முழு நாட்டுக்கும் பேசும் எந்த நிலையத்தாலும், அரசாங்கத்தினதாயினும் தனியாரதாயினும், அவற்றை மணிக்கு மணி சொல்ல இயலாது. 2019 ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறன்று எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலர் மாண்டபோது, அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. வதந்தியைத் தடுப்பதற்கென்று சொல்லப்பட்ட அம்முடக்கம், உள்ளூரில் நம்பத்தக்க வானொலியொன்று இல்லாத ஊரில், செய்தியையும் சேர்த்தே தடுத்தது.

பிராந்திய ஒலிபரப்பு இந்நாட்டுக்குப் புதியதன்று. அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை 1979இலும், மாத்தறையில் ருகுணு சேவை 1980இலும் தொடங்கின. மகாவலிக் குடியேற்றங்களுக்கென 1980களில் யுனெஸ்கோவின் துணையுடன் சமுதாய வானொலியும் நடத்தப்பட்டது. கிழக்கில் தமிழ் பேசுவோருக்கென ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பிற்காலத்தில் தொடங்கிய பிறை எப்.எம். அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒலிக்கின்றது. இவை யாவும் அரசாங்க ஸ்தாபனத்தின் கிளைகள். கொழும்பின் தலைமை மாறும்போது தாமும் மாறுபவை. கிராமச் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ பல்கலைக்கழகமோ தனக்கென்று ஒரு சமுதாய வானொலிக்கு அநுமதி கேட்பதற்கு, அரசாங்கத்தினின்றும் வர்த்தகத்தினின்றும் வேறான மூன்றாவது வகையைச் சட்டம் இன்னும் அங்கீகரிக்கவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் தத்தம் வாயிலில் அலைவரிசையொன்றைக் கொண்டிருப்பின், கூத்தும் வசந்தனும் கண்ணகி வழக்குரையும், மீனவர் காலநிலையும், விதைப்புக் கால அறிவித்தலும், மாநகரசபைக் கூட்டத்தின் விவாதமும் அங்கே இடம்பெறக்கூடும். அதற்கு வேண்டிய செலவு, தலைநகரின் ஒரு தொலைக்காட்சி நிலையத்தை நடத்தும் செலவின் அருகேயும் வராது.

அத்தகைய அநுமதியை வழங்கும் ஆணைக்குழு எவ்வாறு அமையவேண்டுமென்பதை 1997இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றுதொட்டு, சட்டச் சீர்திருத்தக் குழுக்கள் அறிக்கைகள் சமர்ப்பித்தன. பத்திரிகையாளரும் பத்திராதிபரும் 1998இல் கொழும்பில் கூடிப் பிரகடனம் வெளியிட்டனர். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. 2023இல் ஒலிபரப்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவொன்றுக்கான வரைவை அரசாங்கம் தயாரித்தபோது, அது அரசாங்கத்தின் ஆதிக்கத்தினின்று போதிய அளவு விடுபடவில்லையென்ற அதே ஆட்சேபத்தைப் பத்திரிகையாளரும் ஒலிபரப்பாளரும் மறுபடி எழுப்பினர், அது சட்டமாகவில்லை. அடுத்த வரைவு எழுதப்படும்போது, ஆணைக்குழுவின் ஆசனங்களில் ஒன்றாவது மாகாணங்களின் கேட்போருக்கும் வாசகருக்கும் ஒதுக்கப்படவேண்டுமென்றும், சமுதாய வானொலிக்குத் தனியான அநுமதி வகையும் குறைந்த கட்டணமும் விதிக்கப்படவேண்டுமென்றும், ரூபவாஹினிக்கும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற்கும் பணிப்பாளர்களை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடமிருந்து அரசியலமைப்புப் பேரவைக்கு மாற்றப்படவேண்டுமென்றும், மட்டக்களப்பின் பத்திரிகையாளர் சங்கங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் மீனவர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் சேர்ந்து ஒரு மகஜரைத் தயாரித்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பலாம்.